வளர்கிறது என்று வாய்விட்டுச் சொல்ல

சென்ற மாதம் காந்திபுரத்திலிருந்து உக்கடம் போகும் டவுன் பஸ்ஸில், முன் சீட்டில் இருந்த கல்லூரிப் பெண் தலைமுடியை ஒரு பக்கமாக ஒதுக்கினாள். குப்பென்று ரோஸ்மேரி வாசனை. கற்பூரத்தையும் பைன் பட்டையையும் சேர்த்து இடித்தாற்போல மூக்கின் உச்சியில் ஏறி நிற்கும் வாசனை. முடி வளர்வதற்காக அந்த இலையைக் கொதிக்கவைத்த தண்ணீரை இப்போது தெளித்துக்கொள்கிறார்கள். பக்கத்தில் இருந்த தோழியிடம் அவள் சொன்னாள்: "செம க்ரோத்டி. ரெண்டே மாசத்துல டபுள் ஆயிருச்சு."

எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள். பஸ் முழுக்கக் கேட்கும்படி, பின்னால் யார் இருக்கிறார்கள் என்று திரும்பிக்கூடப் பார்க்காமல். என் அம்மா அந்தப் பஸ்ஸில் இருந்திருந்தால் எட்டி அவள் வாயைப் பொத்தியிருப்பாள். டவுன்ஹாலில் இறங்க வேண்டிய நான் அந்த வாசனையோடு உக்கடம் வரைக்கும் போய்விட்டு, வெயிலில் திரும்பி நடந்தேன்.

எங்கள் வீட்டில் வளருகிற எதையும் வளருகிறது என்று சொல்லும் வழக்கம் இல்லை. அப்பாவும் அம்மாவும் அவினாசிப் பக்கத்திலிருந்து மலையேறி வந்தவர்கள். குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் நடுவே ஒரு தேயிலை எஸ்டேட் ஆபீசில் அப்பாவுக்குக் கிளார்க் வேலை. குளிருக்கு ஸ்வெட்டர் போடப் பழகிய அம்மா, கீழேயிருந்து கொண்டுவந்த பேச்சுக் கட்டுப்பாடுகளை மட்டும் கழற்றவே இல்லை. அரிசி டின் காலியானால் "டின்னு நெறஞ்சு போச்சு" என்பாள். படியால் அளக்கும்போது ஒன்று என்று தொடங்காமல் "லாபம்" என்று தொடங்குவாள். பக்கத்துக் குவார்ட்டர்ஸ் குழந்தை தளதளவென்று இருந்தால், "என்னமோ, எலும்புந் தோலுமா கெடக்குது" என்று அதன் கன்னத்தைக் கிள்ளுவாள். அதைக் கேட்டு அந்தக் குழந்தையின் தாய்க்கு முகமெல்லாம் சிரிப்பு. நன்றாக இருக்கிறது என்று யாராவது வாய் தவறிச் சொன்னால்தான் அன்று சாயங்காலம் உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட வேண்டியிருக்கும்.

அப்பாவிடம் யார் என்ன கேட்டாலும் ஒரே பதில்தான்: "ஏதோ ஓடுதுங்க." நல்ல வருஷத்திலும் அதுதான், கெட்ட வருஷத்திலும் அதுதான். எது எந்த வருஷம் என்று அந்தக் குரலின் இழுவையிலேயே கேட்பவருக்குத் தெரிந்துவிடும். சொல்கிறவருக்கு ஒரு வாய் இருந்தால், கேட்கிறவருக்கு அதற்கேற்ற ஒரு காது இருந்தது.

பிறகு கொழுந்து விலை விழுந்தது. பறிக்கிற கூலிக்கே கொழுந்தின் விலை போதாமல் போன வருஷங்கள் அவை. எங்களைச் சுற்றியிருந்த சிறு தோட்டக்காரர்கள் பறிப்பதையே விட்டுவிட்டார்கள். தேயிலையைப் பறிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. வளரும். இடுப்பளவில் மேஜைபோல் பரந்திருந்த செடி முதலில் தலை கலைந்தது, பிறகு மார்பளவு வந்தது, பிறகு ஆள் உயரத்தைத் தாண்டி வெள்ளைப் பூ பூத்து ஒரு மரமாக நின்றது. அது மரம்தான், எப்போதும் மரம்தான். அதை வளரவிடாமல் வைத்திருப்பதே மலையில் எல்லோருடைய பிழைப்பாகவும் இருந்திருக்கிறது. கிள்ளுவதும் கவாத்து வெட்டுவதும் மறுபடி கிள்ளுவதுமாக, ஒரு மலை முழுக்க மனிதர்கள் வளர்ச்சியைத் தடுத்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். கைகள் விலகியதும் பச்சை எங்கள் ஜன்னலை மறைத்துக்கொண்டு எழுந்தது. அப்பா டீ டம்ளரோடு நின்று அதைப் பார்ப்பார்.

எஸ்டேட்டில் ஒரு மீட்டிங் போட்டார்கள். மேனேஜர் ஆங்கிலத்தில் படித்ததை அப்பா தமிழில் சொல்ல வேண்டும். 'நெகட்டிவ் க்ரோத்' என்ற இடத்தில் அப்பா திக்கி நின்றுவிட்டாராம். வீட்டுக்கு வந்து என்னைக் கேட்டார். "குறையுதுன்னு அர்த்தம்பா" என்றேன்.

"அப்பறம் க்ரோத்துன்னு எதுக்குப் போட்டிருக்கான்?"

"அது கவுரவத்துக்கு."

அடுப்படியிலிருந்து அக்கா குரல் கொடுத்தாள்: "உள்பக்கமா வளருதுங்கப்பா. நகம் வளரும்ல, அப்பிடி."

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னைவிட ஆறேழு வயது மூத்தவள். பிளஸ் டூ முடித்ததும் எஸ்டேட் நர்சரியில் சூப்பர்வைசராகச் சேர்ந்தவள். ஒற்றை இலையும் ஒரு துண்டுத் தண்டுமாக வெட்டி, மண் நிரப்பிய பாலித்தீன் பைகளில் ஊன்றி, தேயிலைக் கன்று எழுப்புகிற வேலை. அவள் கைபட்டு எழும்பிய கன்றுகள் அந்தப் பக்கத்து மலைச்சரிவுகள் பூராவும் நின்றன. விலை விழுந்ததும் புதிதாக நட யாருமில்லை. நர்சரியை மூடினார்கள். விற்காத கன்றுகள் பைகளைக் கிழித்துக்கொண்டு வேர் இறக்கி, நின்ற இடத்திலேயே காடாயின.

அந்த நாட்களில் மலையிலிருந்து எல்லோரும் திருப்பூருக்கு இறங்கிக்கொண்டிருந்தார்கள். வாரம் ஒரு குடும்பமாவது பாத்திர மூட்டையோடு பஸ் ஸ்டாப்பில் நிற்கும். மாமாவுக்குத் தெரிந்த பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் அக்காவுக்கு இடம் இருந்தது. மாமா போன் மேல் போன் போட்டுக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அக்கா ஒரு தவணை கேட்டாள். சித்திரை பிறக்கட்டும், அதற்குள் தன்னால் முடியவில்லை என்றால் மறுபேச்சு இல்லாமல் போய்விடுவதாக.

அவளால் முடிய வேண்டியது இதுதான். பறிப்பை நிறுத்திவிட்ட ஒரு படகர் வீட்டுப் பெரியவர், தன் தோட்டத்து ஓரத்தில் ஒரு துண்டு நிலத்தை அவளுக்கு விட்டுக்கொடுத்திருந்தார். குன்னூரில் ஒரு பழைய பங்களாவின் வேலியில் ரோஸ்மேரி புதர் மண்டிக்கிடந்தது. வெட்டி எறியப்போன கிளைகளை அக்கா கேட்டு வாங்கி வந்தாள். விரல் நீளத்துக்கு நறுக்கி, கீழ் இலைகளை உருவி, தேயிலைக்குப் பண்ணியதையே அதற்கும் பண்ணினாள். பச்சை வலைக்கு அடியில் பை பையாக அது பிழைத்தது. வாசனை இலைகளை உலர்த்தி வெளியூர் அனுப்பும் கம்பெனிக்காரர்கள் மலையில் அங்கங்கே நடச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குக் கன்று தேவை. ஒரே ஒரு ஆர்டர். அது கிடைத்தால் அக்கா மலையில் இருப்பாள், கிடைக்காவிட்டால் திருப்பூர்.

அப்படியொரு கம்பெனிக்காரர் மாசி மாதத்தில் வந்தார். வடக்கத்திக்காரர், பெங்களூரில் தொழில். இந்தியும் கன்னடமும் ஆங்கிலமும் பேசுவார், தமிழ் தெரியாது. அவர் வந்த நேரம் நான் குன்னூரில் இருந்தேன். பஸ் ஸ்டாண்டுக்கு மேலே ஒரு பேக்கரி மாடியில், ஹோட்டல் வேலைக்குப் போக நினைக்கும் பிள்ளைகளுக்கு ஸ்போக்கன் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கும் வேலை எனக்கு. சாயங்காலம் வீடு திரும்பியபோது அக்கா சந்தோஷமாக இருந்தாள். பூவாளியை ஆட்டிக்கொண்டே சொன்னாள்.

"வந்திருந்தார்டி. நானேதான் பேசினேன். இங்கிலீஷ்லயே."

"என்ன கேட்டாரு?"

"ஹவ் ஆர் தே க்ரோயிங்னு கேட்டாரு. நான், சம்ஹவ் கோயிங் சார்னு சொன்னேன்."

"ம்."

"எல்லாம் வேர் புடிக்குமான்னாரு. காட் நோஸ், சம் வில் கம்னேன். அடுத்த வருசம் இன்னும் கூட்டித் தர முடியுமான்னாரு. வீ வில் சீ, சார்னேன். ஒரு தப்பு இல்லாம சொல்லீட்டேன். ஐ ஸீ, ஐ ஸீன்னு தலைய ஆட்டிட்டே கேட்டுக்கிட்டாரு பாவம், நல்ல மனுசன்."

அம்மா கதவோரம் நின்று தலையாட்டினாள். "அவ்வளவுதான் சொல்லோணும். அதுக்கு மேல ஒரு வார்த்தை சொல்லப்படாது."

ஒரு கிளார்க் குடும்பத்தின் மொத்த நாகரிகத்தையும் அக்கா ஆங்கிலத்தில் மொழிந்துவிட்டு வந்திருந்தாள். எனக்கும் அன்று எதுவும் உறைக்கவில்லை. நாங்கள் மூன்று பேரும் அன்று சாயங்காலம் ரவைப் பாயசம் வைத்துக் குடித்தோம்.

மறுநாள் மதியம் வகுப்பு முடிந்து படியிறங்கினேன். கீழே பேக்கரியில் அந்தக் கம்பெனி ஜீப்பின் டிரைவர் வர்க்கி தின்றுகொண்டிருந்தார். மேட்டுப்பாளையத்துக்காரர். முந்தின நாள் எங்கள் வீட்டு வாசலில் மாட்டியிருந்த போட்டோவில் என்னைப் பார்த்திருக்கிறார். அவராகவே கூப்பிட்டார்.

"ஏனுங்க, நீங்க அந்த நர்சரிக்காரங்க தங்கச்சிதானுங்க?"

"ஆமாங்க."

"கேக்கறனேன்னு தப்பா நெனைக்காதீங்க. உங்கக்காவுக்கு அந்தச் செடிய விக்கறக்கு இஷ்டமில்லீங்களா?"

"ஏனுங்க அப்பிடிக் கேக்கறீங்க?"

"வண்டில வரும்போது சார் சொல்லீட்டு வந்தாரு. அந்தம்மாவுக்கே அவங்க செடி மேல நம்பிக்கை இல்லை, நான் எதை நம்பி வாங்கறதுன்னு. கோத்தகிரில ஒருத்தன் நர்சரி பாத்தோமுங்க. அவனுது பாதி வாடிக் கெடக்குது. ஆனா பேசினான் பாருங்க, எக்ஸலன்ட் சார், பூமிங் சார், டபுள் ட்ரிபிள்னு. சாருக்கு அதான் புடிச்சிருக்குது. வியாழக்கெழமை கீழ எறங்கும்போது அவங்கிட்ட முடிச்சுருவாரு."

வர்க்கித் துகளைத் தட்டிவிட்டுக்கொண்டே எழுந்தவர், "செடி என்னமோ உங்குளுதுதானுங்க ஜோரு" என்றார். சொன்ன வேகத்தில் தானே நாக்கைக் கடித்துக்கொண்டார்.

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அந்த உரையாடலை நான் மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். சம்ஹவ் கோயிங். எங்கள் ஊர்க் காது அதைக் கேட்டிருந்தால், அடேயப்பா, அவ்வளவு நன்றாகவா வந்திருக்கிறது என்று நினைத்திருக்கும். கம்பெனிக்காரரின் காதில் அது வாடிப்போன பாத்தியாக விழுந்திருக்கிறது.

நான் சொன்னதைக் கேட்டதும் அக்கா சாக்கை விரித்து உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. அவளுக்குக் கோபம்தான் வந்தது.

"கண்ணுல பாத்தாருல்ல? செடி பச்சையா நிக்குதுல்ல? அதுக்கு மேல நான் வேற சொல்லோணுமா?"

"சொல்லோணும்கா. அவங்க ஊர்ல சொன்னாத்தான் உண்டு."

"எஞ்செடி நல்லா இருக்குதுன்னு நானே சொல்றதா? வெக்கமா இருக்காது?"

"நான் வந்து பேசட்டுமா? நாளைக்கே போலாம்."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "திருப்பூர் போறது நீயா, நானா?"

"நீதான்."

"அப்ப நானே பேசிக்கறேன். நீ வார்த்தைய மட்டும் குடு. இன்னிக்குத் திங்கள். வியாழக்கெழமை காத்தால போய் நிக்கறோம்."

அப்படித் தொடங்கியது. என் வகுப்பில் அந்த மாதம் ஏற்றம் இறக்கம் சொல்லும் பாடம்தான் நடந்துகொண்டிருந்தது. எது கூடுகிறது, எது பரவுகிறது, எது பெருகுகிறது என்று. ஒரு பையன் 'எங்கள் தேயிலை மிக உயரமாக வளர்கிறது' என்று வாக்கியம் எழுதிக்கொண்டு வந்திருந்தான். இலக்கணம் சரியாக இருந்தது. நான் டிக் போட்டுவிட்டு வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தச் சொற்களைத்தான் இப்போது வீட்டுக்கு அள்ளிக்கொண்டு வந்தேன்.

ஆங்கிலத்தை அன்றைக்குத்தான் நானும் சரியாகப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். வளர்வதைப் பற்றி அதற்கு ஒரு கூச்சமும் கிடையாது. அதன் அன்றாடப் பேச்சில் கடை முளைக்கிறது, வியாபாரம் கிளைவிடுகிறது, வதந்தி காளானாகிறது, பிரச்சினை பனி உருண்டைபோல் உருண்டு பெரிதாகிறது, ஊர் பூக்கிறது. வயதாவதைக்கூட அது வளர்ச்சிக் கணக்கில் சேர்த்துக்கொள்கிறது.

"க்ரோ ஓல்டுன்னா, கெழவனா வளர்றது" என்றேன்.

அக்கா இலை உருவுவதை நிறுத்தினாள். "அப்ப நம்மப்பா நல்லாவே வளந்துட்டாருடி."

உள்ளிருந்து அப்பா இருமினார்.

"க்ரோ டார்க். இருட்டு வளருது. க்ரோ டயர்டு. அலுப்பு வளருது."

"அது நெசந்தான். காத்தாலருந்து எனக்கு அதுதான் வளந்துட்டிருக்குது."

சொற்களை அவள் கன்று பொறுக்குவதுபோலப் பொறுக்கினாள். தேறாததைத் தூக்கி எறிந்தாள். பூமிங் வேண்டாம், பாறைக்கு வெடி வைத்த மாதிரி இருக்கிறது. மஷ்ரூம் கூடவே கூடாது. "காளான் காத்தால மொளச்சுச் சாயங்காலம் அழுகும். அந்தாளு நெசமா நம்பிட்டா?" ஃப்ளரிஷ் வாயில் நிற்கவில்லை. மல்டிப்ளை என்றதும் நிமிர்ந்தாள். எஸ்டேட் நர்சரிக்குப் பக்கத்தில் தாய்ச்செடிகள் நிற்கும் வரிசைக்கு 'மல்டிப்ளிகேஷன் ப்ளாட்' என்று போர்டு இருந்தது. 'மல்டிப்ளிக்குப் போறேன்' என்றுதான் இத்தனை வருஷமும் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள்.

"பெருக்கல்னு அர்த்தம்க்கா."

"கணக்குல வருமே, அதா?"

"அதேதான்."

"தெரிஞ்சிருந்தா அந்தப் பக்கமே போயிருக்க மாட்டேன். கணக்குல நான் எப்பவும் கடைசி."

கடைசியில் டபுள் என்ற சொல்லை எடுத்துக்கொண்டாள். அதைத் தனக்கு ஏற்கெனவே தெரியும் என்றாள். "டபுளுக்குத் திருஷ்டி இல்லடி. கட்டிலுக்கே டபுள்னுதான் சொல்றோம். ஒரு கட்டிலு ஒடஞ்சு போச்சா?"

சொற்கள் வந்துவிட்டன. வராதது குரல். குட் ரூட் என்பாள், உடனே ஒரு சிரிப்பு சிரித்துத் தலை குனிந்துகொள்வாள். ஆல் க்ரோயிங் வெல் என்று தொடங்கி, வாக்கியம் முடிகிற இடத்தில் குரல் தானாகத் தாழ்ந்து, யாரும் கேட்டுவிடாதபடி ஒரு சம்ஹவ்வை ஒட்டிக்கொள்ளும். நான் திருத்தத் திருத்த அது வேறொரு வாக்கியத்தின் வாலில் போய்த் தொங்கும். ஆயுசு பூராவும் மூடியே பழகிய வாயை மூன்று நாளில் திறக்கச் சொன்னால் அது எங்கே போகும்.

புதன்கிழமை விடிகாலை ஏதோ சத்தம் கேட்டு வெளியே வந்தேன். மஞ்சு மூட்டம் இன்னும் கலையவில்லை. மரமாகிவிட்ட தேயிலைகளுக்கு நடுவே, ஸ்வெட்டருக்கு மேல் துண்டைச் சுற்றிக்கொண்டு அக்கா நின்றிருந்தாள். முகம் தெரியவில்லை. குரல் மட்டும் வந்தது. "குட் ரூட், சார். நெக்ஸ்ட் இயர் டபுள், சார்." கொஞ்சம் நிறுத்தம். மறுபடி, இன்னும் உரக்க: "டபுள்." வளர்ந்து கெட்டுப்போன அந்த மரங்களிடம் நின்று அவள் வளர்ச்சியைச் சொல்லிப் பழகிக்கொண்டிருந்தாள். பூக்களிலிருந்து ஈரம் சொட்டியது. நான் கிட்டப் போகவில்லை.

அம்மா போனாள். விளக்குமாறும் கையுமாக.

"என்ன புள்ள இது, ஊருக்கே தண்டோரா போட்டுக்கிட்டு?"

"பழகறேன்மா."

"ரெக்கார்டு வருசம்னு மேனேஜர் லட்டுக் குடுத்தாரே, நெனப்பிருக்குதா? எல்லாருங் கைதட்டினீங்க. மறு மாசமே கொழுந்து வெல விழுந்துச்சு. வாயால சொன்னாங்க, போச்சு."

"சொல்லாட்டி மட்டும் நின்னுருமா? மூணு நாளைக்கு முன்னாடி நான் ஒண்ணுமே சொல்லலியேம்மா. அதுக்குத்தான் போச்சு."

அம்மா விளக்குமாற்றைக் கீழே போட்டாள். எனக்குத் தெரிந்து, அம்மாவின் சட்டத்தை அவள் முகத்துக்கு நேரே யாரும் அதுவரை கேள்வி கேட்டதில்லை. அக்கா குரலை உயர்த்தவில்லை. துண்டை இறுக்கிக்கொண்டு நின்றாள்.

"நான் இந்த மலைய உட்டு எறங்க மாட்டேன்மா. அதுக்கு எதச் சொல்லோணுமோ அதச் சொல்லித்தான் தீருவேன்."

அன்று சாயங்காலம் சோறு போடும்போது, அம்மா தட்டைப் பார்த்துக்கொண்டே, தானாக ஒரு வழி கண்டுபிடித்துச் சொன்னாள்: "இங்கிலீஷ்லதானே சொல்லப்போற. கண்ணு போடறவனுக்கும் அது புரியோணுமில்ல. சொல்லீட்டு வா." பிறகு என்னிடம் திரும்பி, "தமிழ்ல மட்டும் வாயத் தொறக்காம பாத்துக்க, அம்மிணி" என்றாள்.

வியாழக்கிழமை காலை முதல் பஸ்ஸில் மூவரும் போனோம். அம்மா வரமாட்டேன் என்று சொல்லவே இல்லை. கன்றுப் பைகள் இருந்த பிளாஸ்டிக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு கண்டக்டரிடம், "ஒண்ணுமில்லீங்க, வாடின செடி" என்றாள். கூடையின் ஓரத்தில் அவள் வைத்திருந்த கண்மைப் பொட்டு இருந்தது.

கம்பெனிக்காரர் தங்கியிருந்த கெஸ்ட் ஹவுஸ் வாசலில் ஜீப்பில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவர் வராந்தாவில் நாற்காலி போட்டு ரொட்டி தின்றுகொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் மரியாதையாக எழுந்தார். என்னிடம் ஆங்கிலத்தில், உங்கள் அக்காவின் நர்சரியைப் பார்த்தேன், இந்த முறை வேறு இடத்தில் எடுப்பதாக இருக்கிறேன் என்றார். நான் வாய் திறக்குமுன் அக்கா நடுவில் வந்தாள்.

"நோ சார். ஷி நோ. ஐ டெல்."

டிரைவரிடம் ஒரு சொம்பு தண்ணீர் கேட்டாள். படியில் உட்கார்ந்து, கையில் கிடைத்த ஒரு பையைக் கிழித்து, மண்ணை உதிர்த்து, வேரைத் தண்ணீரில் அலசித் தூக்கிப் பிடித்தாள். வெள்ளை வேர், அடர்த்தியாக, நரைத்த தாடிபோலச் சொட்டச் சொட்ட. இன்னொன்றை அவரையே எடுக்கச் சொன்னாள். அதையும் கிழித்தாள். அதுவும் அப்படித்தான்.

"குட் ரூட், சார். ஆல் குட் ரூட். ஆல் க்ரோயிங் வெல்."

குரல் தாழவில்லை. அம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

அவர் வேரைக் கையில் வாங்கிப் பார்த்தார். பிறகு கேட்டார்: அன்றைக்கு ஏதோ இருக்கிறது என்றீர்களே, கடவுளுக்குத்தான் தெரியும் என்றீர்களே?

அக்கா மூச்சை இழுத்துக்கொண்டாள். பழகாத வாக்கியம் இது, என்னிடம் கேட்டு வாங்காதது. "சார், அவர் பிளேஸ், குட் இஸ் தேர், வீ நாட் சே குட். வீ சே சம்ஹவ். சே குட் மீன்ஸ், இட் வில் கோ. டுடே ஐ சே. ஒன் டைம் ஒன்லி. யூ ஹியர்."

அவர் சிரிக்கவில்லை. வேரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, தன் ஊரில் தன் தாயும் எருமைக் கன்றுகளை விரல் நீட்டி எண்ணவிடமாட்டாள் என்றார். வீட்டில் அதைக் கேட்டே வளர்ந்தும், வியாபாரத்துக்கு வந்த இடத்தில் அப்படிக் கேட்டுக்கொள்ளத் தனக்குத் தோன்றவில்லை என்றார். பிறகு வியாபாரியின் குரல் திரும்பி வந்தது. ஜூனில், மழை இறங்கும்போது, தனக்கு எவ்வளவு கன்று வேண்டும் என்று சொன்னார். அது அக்காவின் பாத்திகளில் அன்று இருந்ததைப்போல இரண்டு பங்கு. முடியுமா?

அக்கா என்னைப் பார்க்கவில்லை. அம்மாவையும் பார்க்கவில்லை. பழைய பதில் அவள் நாக்கு நுனிவரை வந்து நிற்பதை நான் பார்த்தேன். பார்க்கலாம் சார் என்கிற அந்த வழவழத்த சொல்.

"டபுள், சார்."

"எப்படி?"

அவள் கூடையிலிருந்து ஒரு கன்றை எடுத்து, நகத்தால் அதன் நுனியைக் கிள்ளிக் காட்டினாள். கிள்ளிய நுனியை இன்னொரு பையின் ஈர மண்ணில் ஊன்றினாள். அந்த நுனி வேர்விடும், கிள்ளிய இடம் இரண்டாகக் கிளைக்கும் என்பதை விரல்களாலேயே சொன்னாள். "நவ் எவ்ரி பிளான்ட் மதர், சார். பிஃபோர் ஜூன், டபுள்."

வராந்தாவில் வாசனை பரவி நின்றது. அவர் யோசித்தார். ரொட்டித் தட்டில் ஈ உட்கார்ந்தது. கடைசியில், பாதியை இப்போதே உறுதி செய்கிறேன், மீதியை ஜூனில் வந்து பார்த்து எடுத்துக்கொள்கிறேன், கோத்தகிரிக்காரரிடம் இன்று போகவில்லை என்றார். அக்கா தலையை மட்டும் அசைத்தாள். கையெல்லாம் சேறு என்பதால் கும்பிடுவதா வேண்டாமா என்று தெரியாமல் முழங்கையை ஒட்டவைத்துக்கொண்டு நின்றாள். வேரலசிய இரண்டு கன்றுகளையும் அவர் ஈரத்துணியில் சுற்றி வாங்கிக்கொண்டார்.

ஜீப் கிளம்பியது. முன் சீட்டிலிருந்து அவர் கையாட்டினார். கேட்டருகே வண்டி மெதுவானபோது டிரைவர் தலையை வெளியே நீட்டி, "வர்றமுங்க. ஜூன்ல இதே வண்டில வந்து ஏத்திக்கறோம்" என்றார்.

அம்மா என் கையைப் பிடித்திருந்தாள். அக்கா படியிலிருந்து இறங்கி, சரளைக் கல்லில் நாலடி வேகமாக நடந்து, வாயருகே கையைக் குவித்துக்கொண்டாள்.

"ஏனுங்க, இந்த ஜீப்புப் பத்தாதுங்க. வரும்போது லாரி கொண்டாங்க."